வேக்ஃபீல்ட் பாதிரியாரின் மகளுக்கு நியாயம் கிடைத்ததா?

கயல்:

ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்' நாவலைப் படித்து முடித்த கோபத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன். 1766-இல் வந்த நாவல். நல்ல மனிதரின் கதை, மனதை இளக வைக்கும் குடும்பக் கதை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்ணுக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் எனக்கு இது இரக்கமில்லாத புத்தகமாகத்தான் படுகிறது.

படிக்காதவர்களுக்காகக் கதை. டாக்டர் பிரிம்ரோஸ் ஒரு கிராமத்துப் பாதிரியார். மனைவி டெபோரா, ஆறு பிள்ளைகள். குடும்பச் சொத்து 14,000 பவுண்டை ஒரு வணிகனிடம் கொடுத்து வைத்திருந்தார். அவன் ஓடிவிட, கையில் மிஞ்சியது 400 பவுண்டு. ஆண்டுக்கு 15 பவுண்டு சம்பளம் வரும் ஒரு சின்னச் சபைக்குக் குடிபெயர்ந்து, கொஞ்சம் நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்து உழுகிறார்கள். அந்த ஊர்ப் பண்ணையார் தார்ன்ஹில், மூத்தவள் ஒலிவியாவை ஆசை காட்டிக் கூட்டிப்போய், ஒரு போலிக் கல்யாணம் செய்து, பிறகு கைவிடுகிறான். அப்புறம் வீடு தீப்பிடிக்கிறது, வாடகை பாக்கிக்காகப் பாதிரியார் சிறைக்குப் போகிறார். கடைசியில், ஏழை மாதிரி வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த பர்செல் என்பவர்தான் பண்ணையாரின் சித்தப்பா சர் வில்லியம் என்று தெரிகிறது. எல்லாம் சரியாகிறது.

எப்படிச் சரியாகிறது என்று பாருங்கள். ஜென்கின்சன் என்று ஒரு மோசடிக்காரன். போலிப் பாதிரியாரைப் பிடித்து வா என்று பண்ணையார் அவனிடம்தான் சொல்லியிருந்தான். அவனோ நிஜப் பாதிரியாரையும் நிஜ உரிமத்தையும் கொண்டு வந்திருக்கிறான். ஒலிவியாவின் மேல் இரக்கப்பட்டு அல்ல. அந்தக் காகிதத்தைக் காட்டிப் பண்ணையாரை மிரட்டி, வேண்டும்போதெல்லாம் பணம் கறக்கலாம் என்று. ஆக, அந்தப் பெண்ணின் "மானம்" பிழைத்தது பணம் பறிக்க வைத்திருந்த ஒரு சீட்டால். தன்னை ஏமாற்றியவனின் சட்டப்படியான மனைவி அவள் என்று தெரிந்ததும் அறையே சந்தோஷத்தில் மிதக்கிறது. பக்கத்தில் இருந்த கைதிகள் சங்கிலியைக் குலுக்கிக் கொண்டாடுகிறார்கள். அந்த ஆளோடு இனி வாழ உனக்கு இஷ்டமா என்று ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. இதைத்தான் நல்ல முடிவு என்கிறோமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:

கயல், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதை விட்டுவிட்டீர்கள். இந்த நாவலை நான் வகுப்பில் பல வருடம் நடத்தியவன். மாணவர்களை ஒவ்வொரு தடவையும் நிறுத்திய இடம் 17-ஆம் அத்தியாயம். மகள் ஓடிப்போன செய்தி வருகிறது. தாய் சபிக்கிறாள், இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்கிறாள். பாதிரியாருக்கும் ரத்தம் கொதிக்கிறது, துப்பாக்கியை எடுத்து வரச் சொல்கிறார். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே மனைவியைத் தடுக்கிறார். அவள் செய்தது எனக்கும் வெறுப்புத்தான், ஆனாலும் திரும்பி வருகிற பிள்ளைக்கு இந்த வீடும் இந்த நெஞ்சும் திறந்தே இருக்கும் என்கிறார். மகளைத் தேடிக் கால்நடையாகவே புறப்படுகிறார்.

அப்புறம் 21-ஆம் அத்தியாயம். ஒரு சத்திரத்தில், வாடகை கொடுக்க முடியாததால் சத்திரக்காரி வெளியே தள்ளும் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. மகளின் குரல். அவர் கேள்வி எதுவும் கேட்பதற்கு முன் அவளை அணைத்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்ததும் டெபோரா குத்தலாகப் பேசுகிறாள்: "அம்மணி, இவ்வளவு பகட்டைப் பார்த்துவிட்டு இந்த ஏழை வீட்டுக்கா வந்தீர்கள்?" மனைவியிடம் எப்போதும் விட்டுக்கொடுக்கும் மனிதர் அன்றைக்கு மட்டும் குரலை உயர்த்துகிறார். வழிதவறிய ஒரு பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன், இனி இவளிடம் அன்பைத் தவிர எதையும் காட்டக் கூடாது என்று உத்தரவு போடுகிறார். 1760-களில், அதுவும் ஒரு பாதிரியார், ஊருக்கு முன்னால் இப்படி நின்றது சின்ன விஷயமா? அந்தக் காலத்துக் கதைகளில் இப்படிப்பட்ட பெண்களுக்குப் பெரும்பாலும் விதி சாவுதான். ஒலிவியா சாகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1770-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஹெர்டர் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த நாவலை ஜெர்மன் மொழியில் வாய்விட்டுப் படிக்க, பின்னாளில் பெரும் ஜெர்மன் கவிஞரான இளைஞன் கதே கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் சேசன்ஹைம் கிராமத்தில் ஒரு பாதிரியார் வீட்டுக்குப் போனபோது, தான் பிரிம்ரோஸ் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டதாக உணர்ந்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இரக்கமில்லாத புத்தகம் ஒரு கதேயை அப்படிப் பிடித்துவைக்குமா?

கயல்:

வாத்தியார் சார், அந்தச் சேசன்ஹைம் கதையை முழுதாகச் சொல்லுங்கள். அந்தப் பாதிரியாரின் மகள் ஃப்ரெடரிகே பிரியோன். கதே அவளைக் காதலித்தார், 1771-இல் விட்டுவிட்டுப் போனார். அவள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கிராமத்துப் பாதிரியார் வீட்டின் எளிமையைப் பார்த்து உருகுவது ஒன்று, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பொறுப்பேற்பது வேறு. இந்த நாவல் வாசகனுக்கு முதலாவதைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

சர் வில்லியத்தையும் விடுவதாக இல்லை. பண்ணையார் அனுபவிக்கிற சொத்து முழுக்க அவருடையது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையனுக்கு வருமானம் நின்றுவிடும். பெண்களைக் கெடுப்பவன் என்று அந்த வட்டாரமே பேசுகிறது, அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மாறுவேஷத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாதிரியாரின் நெல்லிக்கனி ஒயினைக் குடித்துக்கொண்டிருக்கிறார். எச்சரிக்கை செய்தார் என்பீர்கள். புதிர் போட்ட மாதிரி ஒரு கடிதம் எழுதினார், அவ்வளவுதான். ஒலிவியா நாசமான பிறகு வந்து நீதிபதி ஆகிறார்.

தெற்கு வாசல்:

இரண்டு பேரும் பாதிரியார் சொல்வதை அப்படியே நம்பிப் படிக்கிறீர்கள். நாவலின் துணைத்தலைப்பே "அவரே எழுதியதாகக் கருதப்படும் கதை" என்பதுதான். தன்னைப் பற்றித் தானே எழுதும் ஒருவரின் சாட்சியத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? 1969-இல் ராபர்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளர் இந்த நாவலை முழுக்க அங்கதமாகவே வாசித்தார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் பாதிரியாரின் குருட்டுத்தனத்தை கோல்ட்ஸ்மித் பக்கத்துக்குப் பக்கம் காட்டிக்கொண்டே போகிறார் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் அத்தியாயத்தையே எடுங்கள். மூத்த மகன் ஜார்ஜுக்கும் அரபெல்லாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பிரிம்ரோஸுக்கு ஒரு பிடிவாதக் கொள்கை: பாதிரியார் ஒருவர் மனைவி இறந்தபின் மறுமணம் செய்யக் கூடாது. அதைப் பற்றி நூல்களே எழுதியிருக்கிறார். சம்பந்தியாகப் போகிறவரோ நான்காவது கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? இருக்க மாட்டார். விவாதம் முற்றுகிற நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வந்து, பணமெல்லாம் போய்விட்டது, விவாதத்தை நிறுத்து என்று காதோடு சொல்கிறார். அப்போதும் நிறுத்தவில்லை. மகனின் கல்யாணம் நின்றுபோகிறது.

அடுத்து அந்தக் குடும்பப் படம். பக்கத்து வீட்டு ஃப்ளாம்பரோ குடும்பத்தில் ஏழு பேரையும் கையில் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழத்தோடு வரைந்திருந்தார்கள். அதைவிடப் பெரிதாக வேண்டும் என்று இவர்கள் கிளம்புகிறார்கள். டெபோரா காதல் தேவதை வீனஸ். பாதிரியார் அங்கியோடு நின்று, தன் மறுமண எதிர்ப்பு நூல்களை வீனஸுக்குப் பரிசளிக்கிறார்! ஒலிவியா பூக்களுக்கு நடுவில் உட்கார்ந்த வீரமங்கை. இளைய மகள் சோஃபியா இடைச்சி, கூடுதல் காசு கேட்காமல் எத்தனை ஆடு வரைய முடியுமோ அத்தனை ஆடு. பண்ணையார் தானும் வருவேன் என்கிறான். அவனை மகா அலெக்சாண்டராக்கி ஒலிவியாவின் காலடியில் உட்கார வைக்கிறார்கள். படம் முடிந்தபின் பார்த்தால் எந்த வாசலிலும் நுழையாது, சமையலறைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. மகளின் காலடியில் அவனை உட்கார வைக்கச் சம்மதித்த தகப்பன் யார்? 16-ஆம் அத்தியாயத்தில் பண்ணையாரை வழிக்குக் கொண்டுவர விவசாயி வில்லியம்ஸைப் போட்டியாக நிறுத்தும் சூழ்ச்சிக்கு உடந்தையாக இருந்தவர் யார்? அந்தப் போலிப் போட்டிதான் ஒலிவியாவை ஓட வைத்தது. வில்லியம்ஸோடு கல்யாணம் நடக்கச் சில நாட்கள் இருக்கும்போது போகிறாள். கோல்ட்ஸ்மித் அவரை விட்டுவிடவில்லை, கயல். அவர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைக்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தெற்கு வாசல், குறைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. முன்னுரையில் கோல்ட்ஸ்மித்தே இதில் நூறு பிழைகள் உண்டு என்று எழுதியிருக்கிறார். ஆனால் அங்கதம் என்று முத்திரை குத்தினால் புத்தகத்தின் உயிரே போய்விடும். கோல்ட்ஸ்மித்தின் அப்பா அயர்லாந்தில் ஒரு கிராமப் பாதிரியார். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரி கோல்ட்ஸ்மித்தைப் பிடித்து வைத்த நிலையில்தான் அவருடைய நண்பர் சாமுவேல் ஜான்சன் இந்தக் கையெழுத்துப் பிரதியை எடுத்துப்போய் 60 பவுண்டுக்கு விற்றுக் கொடுத்தார். கடன்காரனின் கதவுத் தட்டல் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் எழுதிய புத்தகம் இது. பிரிம்ரோஸ் அசடாக இருக்கும்போதும் கோல்ட்ஸ்மித் அவரை நேசிக்கிறார். பச்சைக் கண்ணாடி சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். பாதிரியாரின் இன்னொரு மகன் மோசஸ் சந்தைக்குப் போய்க் குதிரைக்குட்டியை 3 பவுண்டு 5 ஷில்லிங் 2 பென்சுக்கு விற்று, அந்தப் பணத்தில் 144 பச்சை மூக்குக்கண்ணாடி வாங்கி வருகிறான். வெள்ளி விளிம்பு என்று நினைத்தது செம்பு. அம்மா அவற்றை அடுப்பில் போடலாம் என்று கத்துகிறாள். அடுத்து அப்பா தானே குதிரையை விற்கப் போய், அதே ஜென்கின்சனிடம் ஏமாந்து வருகிறார். மகனைத் திட்டும் உரிமை தனக்கில்லை என்பதை அந்த வீடு ஒன்றாக உட்கார்ந்து தெரிந்துகொள்கிறது. அதை எழுதிய கையில் நான் பாசத்தைத்தான் பார்க்கிறேன்.

கருப்புக் கோட்டு:

தொழில் வழக்கறிஞர் என்பதால் சட்டம் பற்றி இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல்யாணம். 1753-இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் வந்தது. ரகசியக் கல்யாணங்களைத் தடுப்பதற்கென்றே கொண்டுவந்த சட்டம். தேவாலயத்தில், மூன்று ஞாயிறு முன்னறிவிப்போ உரிமமோ பெற்று நடந்தால்தான் செல்லும். 21 வயது ஆகாதவர் உரிமத்தில் மணந்தால் தகப்பனின் சம்மதமும் வேண்டும். தகப்பனுக்கே தெரியாமல், மறைவாக நடந்த ஒன்றை "பாதிரியார் நிஜம், உரிமம் நிஜம்" என்று ஜென்கின்சன் சொன்னதும் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் அது நிற்குமா என்பது பெரிய சந்தேகம். சட்டம் வந்து 13 வருடம் கழித்து வெளியான நாவல் இது. அன்றைய வாசகர்களில் பலருக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். கயல் சொல்வதற்கு இது வலு சேர்க்கிறது. ஒலிவியாவின் பத்திரம் காகிதமாகக்கூட உறுதியானதில்லை.

இரண்டாவது, சிறை. என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம் இதுதான், ஆனால் இங்கே யாரும் பேசவில்லை. குத்தகைப் பாக்கிக்காகப் பண்ணையாரின் ஆள் முதலில் மாடுகளை ஓட்டிப்போய் அடிமாட்டு விலைக்கு விற்கிறான். அப்புறம் தீக்காயம் பட்ட கையோடும் காய்ச்சலோடும் பனியில் பாதிரியாரைச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஊர் ஜனங்கள் திரண்டு வந்து அதிகாரிகளை மடக்குகிறார்கள். அவர்தான் அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறார். உள்ளே போனதும் கைதிகளுக்குப் பிரசங்கம் செய்ய ஆரம்பிக்கிறார். ஒருவன் அவர் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியைத் திருடிவிடுகிறான். இன்னொருவன் ஜெபப் புத்தகம் இருந்த இடத்தில் ஆபாச நகைச்சுவைப் புத்தகத்தை மாற்றி வைக்கிறான். அவர் நிறுத்தவில்லை. அடுத்து அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறார். மரக்கட்டை வாங்கிப் போட்டு, புகையிலைக்காரர்களுக்கும் செருப்புத் தைப்பவர்களுக்கும் ஆணி சீவ வைக்கிறார். விற்ற காசை அவரவருக்கே பிரித்துக் கொடுக்கிறார்.

27-ஆம் அத்தியாயத்தில் மரண தண்டனை பற்றி அவர் சொல்வதைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்க வேண்டும். சின்னத் திருட்டுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால், குற்றங்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது என்ற எண்ணமே மக்களுக்குப் போய்விடும் என்கிறார். அன்றைய இங்கிலாந்தில் சுமார் 160 குற்றங்களுக்குத் தூக்கு என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1769-இல் கணக்கு எழுதினார். குற்றமும் தண்டனையும் பற்றிய பெக்காரியாவின் புகழ்பெற்ற நூல் 1764-இல் இத்தாலியில் வந்தது, ஆங்கிலத்தில் 1767-இல்தான். சிறைகளைச் சுற்றிப் பார்த்து ஜான் ஹோவர்ட் எழுதிய அறிக்கை 1777. இவர்களோடு ஒரே காலத்தில், ஒரு குடும்பக் கதைக்குள், சிறைக் கொட்டடியில் வைத்து இதைப் பேசியிருக்கிறார் கோல்ட்ஸ்மித்.

பாதியில் நின்றவன்:

ஒலிவியா போவதுவரை ரசித்துப் படித்தேன். அப்புறம் தீ, சிறை, கடத்தல், மாறுவேஷம், செத்தவள் எழுந்து வருவது என்று ஒரே அடியாகக் கொட்டியதில் விட்டுவிட்டேன். மெக்காலேகூட 1856-இல், இது இதுவரை வந்ததிலேயே மிக மோசமான கதைக்கட்டுகளில் ஒன்று என்றார், ஆனால் முதல் பாதியை மனமாரப் புகழ்ந்தார். நான் அவர் கட்சி.

கோதாவரிக் கரை:

நான் தெலுங்கு வழியாக இந்தக் கதைக்கு வந்தவள். கந்துகூரி வீரேசலிங்கம் 1880-இல் நூலாகக் கொண்டுவந்த 'ராஜசேகர சரித்திரமு' இந்த நாவலின் தூண்டுதலில் பிறந்தது. கதை நடப்பது ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்தில் தவளேசுவரத்தில். சொத்திழந்த குடும்பம், ஏமாறும் குடும்பத்தலைவர், கடைசியில் நிமிர்வது என்ற எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சதையெல்லாம் அவருடையது. மூடநம்பிக்கை, போலிச் சாமியார், முகஸ்துதி பாடிப் பிழைப்பவர்கள் என்று தன் ஊரை உரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே, 1881-இல், ராஜமகேந்திரவரத்தில் விதவை மறுமணத்தை நடத்தி வைத்தார், ஊர் ஒதுக்கி வைத்தும் நின்றார். பெண்ணைப் பொறுத்தவரை கோல்ட்ஸ்மித் நிறுத்திய இடத்திலிருந்து இரண்டடி முன்னால் போனவர் என்று நான் அவரை நினைக்கிறேன். கயலின் கேள்விக்கு இந்தப் பக்கத்து மாநிலத்தில் ஒருவர் நாவலாலும் செயலாலும் பதில் சொல்லப் பார்த்திருக்கிறார்.

கயல்:

கோதாவரி அக்கா, மிக்க நன்றி. இதை நான் தேடிப் படிப்பேன்.

கருப்புக் கோட்டு சார் சொன்ன சிறைப் பகுதி எனக்கும் பிடித்தது. அதனால்தான் வருத்தமும் அதிகமாகிறது. குதிரை திருடியவனைத் தூக்கில் போடாதே, அவனைத் திருத்து என்று வாதாடும் அதே புத்தகத்தில் ஒலிவியாவுக்கு என்ன தண்டனை? 24-ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். வீடு எரிந்தபின் குடும்பம் வெளியே, தேன்மலர்க் கொடி படர்ந்த திட்டில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறது. ஒலிவியா முதன்முதலில் அவனைச் சந்தித்த இடமே அதுதான். அவளுக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. தாய் என்ன செய்கிறாள்? அப்பாவுக்குப் பிடித்த அந்தச் சோகப் பாட்டைப் பாடு கண்ணே என்று கேட்கிறாள். அவளும் பாடுகிறாள். எட்டு வரிப் பாட்டு. ஆண்கள் துரோகிகள் என்று காலம் கடந்து தெரிந்துகொண்ட பெண் தன் குற்றத்தை மறைக்க, அவமானத்தைத் துடைக்க, காதலனை வருந்தவைக்க ஒரே வழி சாவது என்று முடியும் பாட்டு. அதைத் தகப்பன் கேட்டு ரசிக்கிறார், அவள் குரலில் சோகம் கூடும்போது இன்னும் இனிமையாக இருந்ததாக எழுதுகிறார். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை.

வாத்தியார் சார், அவள் சாகவில்லை என்றீர்கள். சிறையில் அவள் இறந்துவிட்டதாகத் தகப்பனிடம் பொய் சொல்கிறார்கள். தாயும் ஜென்கின்சனும் சேர்ந்து சொன்ன பொய், அவர் பண்ணையாரிடம் பணிந்துபோய் விடுதலை ஆகட்டும் என்பதற்காக. அந்தப் பாட்டு கேட்டதைக் கதையும் ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுகிறது. அதன்பிறகுதான் அவளுக்குத் திரும்பி வர அனுமதி.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அந்தப் பாட்டு பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் லேசான பதில் இல்லை. 1922-இல் டி. எஸ். எலியட் 'பாழ்நிலம்' கவிதையில் அதே வரியை எடுத்து முறுக்கிக் காட்டியபோது, அந்தப் பாட்டின் அடியில் இருக்கும் கொடுமையைத்தான் தொட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பாட்டு முடிந்த உடனே என்ன நடக்கிறது? பண்ணையாரின் வண்டி வந்து நிற்கிறது. ஒன்றும் நடக்காதது போலப் பேசுகிறான். அரபெல்லாவை மணக்கப் போவதாகச் சொல்லி அழைப்பு வைக்கிறான். ஒலிவியாவுக்கு ஒரு கணவனைப் பார்த்துத் தரலாம், அதன்பிறகு தானும் அவளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசுகிறான். பிரிம்ரோஸ் சம்மதித்திருந்தால் குத்தகைப் பாக்கியும் இல்லை, சிறையும் இல்லை. வீடு எரிந்து, இரண்டு சின்னப் பையன்களைத் தீயிலிருந்து தூக்கியதில் கை வெந்து, கையில் காசில்லாமல் இருக்கிற மனிதர் எழுந்து நின்று அவனைத் துரத்துகிறார். மறுநாள் மாடுகள் போகின்றன, அடுத்து அவரே போகிறார். என் மகள் உயிரோடு இருக்கிறவரை உன் இன்னொரு கல்யாணத்துக்கு நான் உடன்பட மாட்டேன் என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் கிடக்கிறார். பாட்டை ரசித்தவரும் இவர்தான், விலைபோகாதவரும் இவர்தான். கடைசியில் சர் வில்லியம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒலிவியாவுக்குத் தருகிறார். அந்தப் பயலுக்கு வயிற்றுக்கு மட்டும். அதற்குமேல் ஏதாவது வேண்டுமானால் அவள் மனம் வைத்தால்தான். அவனுடைய பிடி அவள் கைக்கு வந்துவிட்டதே, அது நியாயம் இல்லையா?

கயல்:

பணம் வந்தது சரி. துரத்தியடித்த அந்தத் தகப்பனையும் நான் மதிக்கிறேன். ஆனால் கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். பண்ணையார் இப்போது ஒரு உறவினர் வீட்டில் துணைக்கு இருக்கிறான், கொம்பு வாத்தியம் ஊதக் கற்றுக்கொள்கிறான் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் பாதிரியார் எழுதுகிறார்: மூத்த மகள் இன்னும் அவனை வருத்தத்தோடு நினைக்கிறாள், அவன் திருந்தினால் மனம் இளகக்கூடும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், அதை நான் பெரிய ரகசியமாக வைத்திருக்கிறேன். ரகசியமாக வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே மகள் சொன்னதை உலகத்துக்கே எழுதிவிடுகிறார். அப்புறம் ஜார்ஜுக்கு அரபெல்லாவோடும் சோஃபியாவுக்கு சர் வில்லியத்தோடும் கல்யாணம், விருந்து, கல்லறைக்கு இந்தப் பக்கத்தில் இனி எனக்கு வேண்டியது எதுவும் இல்லை என்ற நிறைவு. இரண்டு பிள்ளைகளுக்கு மனம் விரும்பிய துணை, மூன்றாவது பிள்ளைக்குக் கொம்பு ஊதுகிறவன் திருந்தும்வரை காத்திருப்பு. அந்தத் தகப்பன் நல்லவர் என்பதை ஒத்துக்கொண்டால்தான் இது எனக்கு இன்னும் வலிக்கிறது. அவரைக் கெட்டவர் என்று சொல்லி என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.